முட்டைக்குத் திரும்பிய நாகம்

ஊஞ்சவலசுக் கல்லூரி மியூசியத்தில் ஜாடிக்குள் செத்து ஊறிக்கிடந்த பிராணிகளெல்லாம் பின்னோக்கி வளர ஆரம்பித்த அந்த மாசி மாதத்தில், ஊரில் யாரும் அதற்காக வேலைவெட்டியை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கோழிக்குத் தீவனம் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், முட்டை லாரிகள் கேரளாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன, நாகப்பாம்புக்கு வயசு குறைகிறதாம் என்று மாதுவின் டீக்கடையில் கேள்விப்பட்டவர்கள்கூட கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பார்க்கக் கிளம்பினார்கள். பதறிப்போனவர் ஒரே ஒருவர்தான். அவரும் பாம்பைக் கண்டு பதறவில்லை. தன் பெண்டாட்டி அந்தப் பாம்பைப் பார்க்க வருவாளா மாட்டாளா என்றுதான் பதறினார்.

அவர் பெயர் ராக்கியண்ணன். கல்லூரிக்கு அவர் விலங்கியல் துறைத் தலைவர், ஊருக்கு ஜாடி வாத்தியார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் காட்டில் எவன் பாம்படித்தாலும் அதைச் சிமெண்டுச் சாக்கில் போட்டு மொபெட்டில் தொங்கவிட்டுக்கொண்டு அவரிடம்தான் வருவான். அவர் சாக்கின் வாயை இரண்டு விரலால் விரித்து ஒரு பார்வை பார்ப்பார். "கட்டுவிரியன். இது ஆம்பள. பொம்பள இன்னும் அங்கயேதான் இருக்கும், போயிப் பாரு" என்று சொல்லிச் சாக்கை மூடிவிடுவார். அந்தப் பொம்பளைப் பாம்பு சமாச்சாரம் அவர் சும்மா விடுகிற சரடு. ஆனால் வந்தவன் ராத்திரி தூங்கமாட்டான், அவர் பேரும் ஊரில் நிற்கும். பாம்பு லட்சணமாக இருந்தால் ஜாடிக்குப் போகும். இப்படிச் சேர்ந்ததுதான் அந்த மியூசியம். நாகம், உடும்பு, பச்சோந்தி, வௌவால், ஆமை, முயல், மரநாய், கொண்டை வைத்த நாட்டுக்கோழி ஒன்று, இன்னும் என்னென்னவோ, எல்லாம் பார்மலினில் கண்ணைத் திறந்தபடி நின்றன. ஜாடிகளின்மேல் பெயர்ச்சீட்டு கிடையாது. சீட்டெல்லாம் மரப்பலகையின் விளிம்பில்தான் ஒட்டியிருக்கும். "ஜாடி மேல சீட்டு ஒட்டுனா பசங்க பிராணியப் பாக்கமாட்டானுங்க, சீட்டத்தான் பாப்பானுங்க" என்பது அவர் கொள்கை. அவருக்குச் சீட்டே வேண்டாம். இருட்டில் ஜாடியைத் தடவிப் பார்த்தே உள்ளே இருப்பது யாரென்று சொல்லிவிடுவார்.

இவ்வளவையும் பார்க்காத ஒரே ஜீவன் அவர் மனைவி பூவாத்தாள். தினமும் மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவாள், மியூசியத்து வாசற்படியில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போசியை நீட்டுவாள், திரும்பிவிடுவாள். கல்யாணமாகி முப்பது வருஷமாய் அந்தப் படியைத் தாண்டியதில்லை. நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரும் விட்டுவிட்டார். அவள் வேறெங்கும் போய் எதையும் பார்க்காதவரைக்கும் அது அவரை உறுத்தவுமில்லை.

அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து லூர்து ஜெசிந்தா என்று ஒரு பேராசிரியை வந்து சேர்ந்தாள். கருவளர்ச்சிப் பாடம் எடுக்கிறவள். தாழ்வாரத்தின் எதிர்ப்பக்க அறையில் ஒரு அடைகாக்கும் பெட்டியை வைத்து, சேவலோடு திரியும் வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளாகப் பார்த்து வாங்கி அடுக்கி, வேளைக்கு வேளை புரட்டிவிட்டு, நாள் பார்த்து ஓட்டில் சின்னக் கத்தரிக்கோலால் ஒரு ஜன்னல் வெட்டி, அதைச் செல்லோ டேப்பால் மூடிவைப்பாள். டேப்பை விலக்கி விளக்கைக் காட்டினால் உள்ளே மஞ்சட்கருவின் மேல் சிவப்பாய் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். கோழி இன்னும் ஆகவில்லை, இறகில்லை, அலகில்லை, காலில்லை. இதயம் மட்டும் முன்னால் வந்து வேலையை ஆரம்பித்திருக்கும்.

ஒருநாள் படியில் நின்ற பூவாத்தாளை அவள் கூப்பிட்டாள். "மூக்கப் பொத்திக்கிட்டு எதுக்கு நிக்கிய அக்கா? இங்க வாங்க, ஒண்ணு காட்டுதேன்."

பூவாத்தாள் போனாள். போனவள் பொழுதிறங்கித்தான் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை. ராக்கியண்ணன் உப்பைக் கேட்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று தாலி ஏறியபோதுகூட அந்த முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

"அப்புடி என்னத்தப் பாத்தியாமா?"

"துடிக்குதுங்க."

"துடிக்கத்தான் செய்யும். எங்கிட்ட ஒரு பெரிய கோழியே இருக்குது. கொண்டையோட. நீதான் வந்து பாத்ததில்ல."

"உங்க கோழி நான் வாக்கப்பட்டு வந்தப்ப எப்படி நின்னுச்சோ இன்னைக்கும் அப்படியேதான நிக்குது?"

"செத்தது புள்ள அது. பின்ன எப்படி நிக்கும்?"

"அதத்தான் நானும் சொல்றனுங்க" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "அங்க நேத்து இல்லாதது இன்னைக்கு இருக்குதுங்க."

மறுநாளிலிருந்து சோற்றுப்போசி சீக்கிரமே வர ஆரம்பித்தது. போசி வந்த வேகத்தில் அவர் மேசையில் உட்காரும், கொண்டுவந்தவள் எதிர் அறைக்குள் போய்விடுவாள். கதவிடுக்கு வழியாக இரண்டு பொம்பளைகள் ஒரு முட்டையின்மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் சோற்றைப் பிசைவார், பிசைந்துகொண்டே இருப்பார். ஜன்னல் வெட்டிய முட்டைகள் குஞ்சு பொரிப்பதில்லை, பாதியிலேயே நின்றுபோகும். அப்படி ஒன்று நின்றுபோன அன்று பூவாத்தாள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். போன வருஷம் தனக்குச் சிக்கன்குனியா வந்து முடங்கிக் கிடந்தபோது அவள் வழக்கத்தைவிட இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டது ராக்கியண்ணனுக்கு ஞாபகம் வந்தது. பொறாமை என்பது வயிற்றில் இருக்கிறது என்று சொல்வார்கள்; அவருக்கு அது காதில் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் சிரித்தாலும் சூடாகும்.

அந்தச் சூட்டில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். நல்லசிவத்தின் கோழிப்பண்ணைக்குப் போய் ஒரு அட்டை முட்டை வாங்கிவந்து, வீட்டுப் பீரோவில் பூவாத்தாளின் கூறைப்புடவையை மெத்தையாக விரித்து, அதன்மேல் அடுக்கி, குண்டு பல்பு ஒன்றை மாட்டிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு ஜன்னல் எதற்கு, முழுக் குஞ்சே வெளியே வரட்டும், புடவைமேல் கீச்சுகீச்சென்று ஓடட்டும், அப்போது பார்க்கட்டும் அவள். வேளைக்கு வேளை புரட்டவும் செய்தார். மூன்று வாரம் போயும் ஒரு கீச்சு இல்லை. நாலாவது வாரம் பீரோவுக்குள் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வீட்டுக்குள் யாரும் நிற்க முடியவில்லை.

செய்தி கேட்ட நல்லசிவம் டீக்கடையில் வைத்தே சொன்னார். "ஏனுங் வாத்தியாரே, நம்ம பண்ணையில சேவலே கெடையாதுங்களே. ஊர் பூராத் தேடுனாலும் எந்தப் பண்ணையிலயும் கெடையாது. இது திங்கற முட்டைங்க. இத அந்தச் சூரியனே வந்து அடகாத்தாலும் ஒண்ணும் வராதுங்களே."

"கூறைப்புடவ மணம் ஊரெல்லாம் வீசுதுங்களாமே" என்றான் மாது, டீயை ஆற்றிக்கொண்டே.

வளர்ந்து முடிந்த எதைக் கொடுத்தாலும் குலம் கோத்திரம் சொல்லிவிடுகிற ராக்கியண்ணன், அது எப்படி ஆரம்பிக்கும் என்பதை மட்டும் மறந்துபோயிருந்தார். புடவைக்காகப் பூவாத்தாள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் காலையில் மியூசியத்தைத் திறந்தவர், நாகத்தின் ஜாடிமுன் போய் நின்றார். "நீங்களுந்தான் இருக்கறீங்களே" என்றார். "எத்தன வருசமா உங்களத் தொடைச்சு வெக்கறன். ஒருநா, ஒரே ஒருநா ஏதாச்சும் பண்ணித் தொலைங்களேன், அவ வந்து பாக்கற மாதிரி."

ஜாடிகள் அவர் சொன்னதைச் செய்தன. செத்தவற்றுக்கு முன்னால் போக வழி கிடையாது, அதனால் பின்னால் போயின.

முதலில் கவனித்தது அட்டெண்டர் சென்னியப்பன்தான். வௌவால் மெலிஞ்சுபோச்சுங்க என்று வந்து சொன்னான், ஏதோ ஹாஸ்டல் பையனைப் பற்றிச் சொல்வதுபோல. அப்புறம் ஒவ்வொன்றாய்த் தெரிய வந்தது. நாகத்தின் படம் சுருங்கித் தோலுக்குள் போனது, குட்டியாகிக் குட்டியாகி ஒருநாள் வட்டமாய்ச் சுருண்டுகொண்டது. முயலின் மயிர் ஒவ்வொன்றாய் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆமையின் ஓடு இளகி விலா எலும்புகளாய்ப் பிரிந்து, ஆமை முதன்முதலாக நாலு பேரைப்போலத் திறந்த முதுகோடு இருந்தது. வௌவாலின் இறக்கை கையாகி, கை துடுப்பாகி, துடுப்பு மொட்டாகிக் கரைந்தது. கோழியின் கொண்டை போனது, இறகுகள் கொப்புளங்களாயின, கொப்புளமும் ஆறிப்போனது.

ஊர் வந்தது. வந்தவர்கள் காரணம் கேட்கவில்லை, என்ன பிரயோஜனம் என்றுதான் கேட்டார்கள். நல்லசிவம் முட்டையிட்டு ஓய்ந்த கோழி ஒன்றைக் கால்கட்டிக் கொண்டுவந்து, "இதயும் ஒரு வாரம் உள்ள போட்டு எடுங்களேன், மறுக்கா முட்டைக்கு வருதான்னு பாப்போம்" என்றார். உள்ளே போட்டால் முதலில் அது சாகும் என்று சொன்னதற்கு, "அது பரவால்லீங்க, அப்பறம் சரியாயிருமில்ல?" என்றார். ஜோசியர் வந்து, நாகத்துக்கு ஜாதகம் கணிப்பதாக இருந்தால் திசையெல்லாம் தலைகீழாய் ஓடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். எண்பது வயசு தாண்டிய ஒரு பெரியவரை மகன்கள் நாற்காலியோடு தூக்கிவந்து ஜாடிகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அவருக்கு வயசு குறையவில்லை, பசி மட்டும் கூடியிருந்தது. மகளிர் குழுக்காரர்கள் வாசலில் சுண்டல் போட்டார்கள். பிரின்சிபால் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: பிராணிகளை அவை இருக்கும் நிலையிலேயே பார்க்கவும், பழைய நிலையைக் கேட்டு ஊழியர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஜெசிந்தாவின் அறை வெறிச்சோடிக் கிடந்தது. ராக்கியண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். ஆனால் சோற்றுப்போசி வழக்கம்போல் மேசையில் உட்கார்ந்தது, அவள் வழக்கம்போல் எதிர் அறைக்குள் போனாள்.

"ஊரே வந்து பாக்குது" என்றார் அவர், ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு.

"கேட்டனுங்க."

"நீ வல்லியே."

"வர்றனுங்க. இன்னைக்கு அங்க முட்டைக்குள்ள குஞ்சுக்குக் கண்ணுல கருப்பு ஏறுச்சு. நாளைக்கு வர்றன்."

அந்த நாளை வருவதற்குள் சென்னியப்பன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டான். கூட்டம் மிதித்த புழுதி பலகையெல்லாம் படிந்துவிட்டதென்று ஜாடிகளை எல்லாம் இறக்கித் தரையில் வைத்து, பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஜாடிகளைத் திரும்ப அழகாக உயரவாரியாக அடுக்கினான். முன்பு எப்படி அடுக்கியிருந்தாலும் ராக்கியண்ணன் ஒரு பார்வையில் சரிசெய்துவிடுவார். இப்போது அவர் பார்த்தார், மறுபடி பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஜாடிக்கு ஜாடி ஒரே உருவம்தான் மிதந்தது: பெரிய தலை, குனிந்த கழுத்து, கழுத்தோரம் மீனுக்கு இருப்பதுபோலச் செவுள் மடிப்புகள், சுருண்ட வால். முயலும் அதுதான், கோழியும் அதுதான், உடும்பும் மரநாயும் அதுதான். பலகை விளிம்பில் சீட்டுகள் மட்டும் நாகம், ஆமை, வௌவால் என்று கம்பீரமாக நின்றன, கல்யாணப் பந்தியில் ஆள் மாறி உட்கார்ந்த இலைகளைப்போல.

சரியாக அன்றைக்குத்தான் பூவாத்தாள் படியைத் தாண்டினாள். மூக்கைப் பொத்தவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் பின்னாலேயே ஜெசிந்தாவும் வந்தாள். பூவாத்தாள் வரிசை முழுக்க நடந்தாள், ஒவ்வொரு ஜாடியிலும் நின்றாள், ராக்கியண்ணன் முப்பது வருஷமாய் இந்த அறையில் பார்த்திராத அந்த வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுல நாகம் எதுங்க?"

ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. சிமெண்டுச் சாக்கோடு வந்து போனவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ராக்கியண்ணன் சட்டென்று கையை நீட்டி, கைக்கு எதிரே இருந்த ஜாடியைக் காட்டினார்.

"இதுதான். பாத்தாலே தெரியலயா? தலையப் பாரு."

பூவாத்தாள் தலையைப் பார்த்தாள். அப்புறம் ஜாடியிலிருந்து கண்ணை எடுத்து, அவர்பக்கம் வராமல், ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். புருஷன் சொன்னது சரியா என்று இன்னொருத்தியின் முகத்தில் தேடிய அந்த ஒரு பார்வை ராக்கியண்ணனின் இரண்டு காதிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியாய் இறங்கியது.

ஜெசிந்தா ஜாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா" என்றாள்.

அவள் பொய் என்று சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார், அதில் ஒரு சுகம் இருந்திருக்கும். இந்தத் தயவைத் தாங்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் எதிர் அறைக்குள், முதன்முதலாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார்.

"நான் காட்டுனது நாகம் இல்லீங்களா?"

"இல்ல சார்."

"எப்புடித் தெரியும்?"

"நாகத்துக்கு முதுகெலும்பா ஆகப்போற கண்டம் நூத்துக்கணக்குல ஓடும் சார். எண்ணி மாளாது. நீங்க காட்டுனதுல கொஞ்சந்தான் இருந்துச்சு, கையிக்கும் காலுக்கும் மொட்டு வேற விட்டுருந்துச்சு. முயலா இருக்கலாம்."

"அப்ப நாகம்?"

"மூணாவது வரிசையில ஓரத்துல. சுருண்டு கெடக்கது."

அவள் ஒரு முட்டையைப் புரட்டிவைத்தாள்.

"இத்தன தெரிஞ்சவங்க அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் இங்க வந்து இத்தன நாளாச்சு, எங்கிட்ட ஒருத்தரும் ஒரு சாக்கக் கொண்டாந்து இது என்னன்னு கேக்கல சார்" என்றாள் ஜெசிந்தா, அவர் முகத்தைப் பார்க்காமல். "உங்க வாசல்ல மொபெட் நிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஓட்ட ஒடச்சு வெளிய வந்துருச்சுன்னா அது யாருன்னு எனக்குத் தெரியாது. தெருவுல ஒரு பாம்பக் கண்டா நானும் எல்லாரையும் மாதிரி ஓடத்தான் செய்யுதேன்."

ராக்கியண்ணனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருக்கவும் செய்தது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, இவளுக்குப் பொறாமைப்படக்கூட என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறதே, அதை இத்தனை லேசாகச் சொல்லிவிடவும் தெரிந்திருக்கிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டார்.

அதற்கப்புறம் ஜாடிகள் வேகமாகச் சரிந்தன. வால் போனது, தலை போனது, மடிப்புகள் போயின, இதயத்தின் இடம் போனது. தட்டையாய் ஒரு தழும்பு, அப்புறம் நொய்போல ஒரு கட்டி, கடைசியில் ஒவ்வொரு ஜாடியிலும் கடுகைவிடச் சின்னதாய் ஒரே ஒரு புள்ளி. ஊருக்குச் சலித்துவிட்டது. புள்ளியைப் பார்க்க யார் வருவார்கள்? பக்கத்து ஊரில் ஒரு பண்ணையில் மூன்று மஞ்சட்கருவோடு முட்டை விழுந்ததென்று கூட்டம் அங்கே போனது, சுண்டலும் பின்னாலேயே போனது. ஜெசிந்தா வந்து, ஜாடி ஜாடியாக விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கும் தெரியல சார்."

"மூணாவது வரிச ஓரம்?"

"ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் வித்தியாசம் சொல்ல நான் யாரு சார்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் பூவாத்தாள் போசியோடு வந்தாள். எதிர் அறைக்குப் போகவில்லை. நேரே உள்ளே வந்து, ஜாடி துடைக்கிற முக்காலியை இழுத்து, ஏதோ ஒரு ஜாடியின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். எந்த ஜாடியென்று அவள் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாதிரித் தெரியவில்லை.

"அங்க ஒண்ணும் இல்ல புள்ள. புள்ளிதான்."

"தெரியுதுங்க."

"அது என்னதுன்னு எனக்கும் தெரியாது. அவங்களுக்கும் தெரியாதாம்." இதைச் சொல்லும்போது தன் குரலில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. "அன்னைக்கு நான் காட்டுனதும் நாகம் இல்ல."

"அதுவும் தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கற?"

"இதுக்கு மேல பின்னால போக எடமில்லைங்களே" என்றாள் பூவாத்தாள், கண்ணை எடுக்காமல். "இனி எங்க போகுதுன்னு பாக்கலாம்னுதான்."

சோறு ஆறியது. மணியடித்து வகுப்புகள் முடிந்து பையன்கள் பேருந்துக்கு ஓடினார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். நீங்க போங்க, நான் வர்றன் என்றாள். அவர் போகவில்லை. முக்காலி ஒன்றுதான் இருந்தது, அதனால் அவள் தோளுக்குப் பின்னால் நின்றபடியே குனிந்து பார்த்தார். ஜாடித் தண்ணீருக்குள் அந்தப் புள்ளி மெல்ல நீண்டது, நடுவில் ஒரு கோடு விழுந்தது, இரண்டானது. பூவாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்திருப்பதே தெரியாமல்.

ராக்கியண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். அது நாகமாகவும் ஆகலாம், ஆமையாகவும் ஆகலாம், ஊர் இதுவரைக்கும் பார்க்காத ஒன்றாகவும் ஆகலாம், யாரும் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அதற்கும் தன் பெயர் தெரியாது. அவரோ ராக்கியண்ணன் ஆகி முடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. கடுகில் பாதிகூட இல்லாத அந்த இரண்டு புள்ளிகளின்மேல் அவருக்கு வந்த பொறாமையைப்போல ஒரு பொறாமை அவர் ஆயுசில் யார்மேலும் வந்ததில்லை. வந்து, அது காதில் சுடாமல், அவள் பிடித்திருந்த கையில்போய்த் துடித்தது.